இடது முழங்கைக்கு மூன்று மதிப்பெண்

செப்டம்பர் 4, புதன்

அஃப்ரோஸ் மேடம் சொன்னதற்காக எழுதுகிறேன். பயிற்சி முடிந்ததும் நாலு வரியாவது எழுத வேண்டுமாம். "நான் வாங்கிப் பார்க்க மாட்டேன் எப்சிபா. உங்களுக்காக எழுதுங்க" என்றார். யாரும் திருத்தாத நோட்டு. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் நானும் நன்றாகப் படித்திருப்பேன்.

மேடம் விளையாட்டு மனநல நிபுணர். சென்னையிலிருந்து மாதத்தின் முதல் புதனும் மூன்றாம் புதனும் வேலூருக்கு வந்து எங்கள் பளுதூக்கும் கூடத்தில் உட்காருகிறார். கூடம் என்பது பெருமைக்குச் சொல்வது, தகர ஷெட்தான். ஜனவரியில் நேஷனல்ஸ். இதுவரை மூன்று தடவை போய், மூன்று தடவையும் கையை வீசிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். எனக்கு இருபத்தேழு வயது. இன்னொரு வருஷம் தாங்க மாட்டேன் என்று தோள்பட்டை சொல்லிவிட்டது. இதுதான் கடைசி.

இன்று மேடம் ஒரு சார்ட்டில் பெரிய வட்டம் போட்டு, கேக் வெட்டுவதுபோல் எட்டுத் துண்டாகப் பிரித்தார். "ரொம்ப நல்ல லிஃப்டர் ஒருத்தருக்கு என்னென்ன வேணும்? புத்தகத்துல இருக்கறது வேண்டாம். உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொன்னேன். பாருக்குக் கீழே இறங்கும் வேகம். முதுகு. இடது முழங்கை பூட்டுவது. வலி பொறுப்பது. வாயைக் கட்டுவது. மேடையில் பயப்படாமல் இருப்பது. தூக்கும் முன் மனசு சும்மா இருப்பது. எட்டாவதாக, தோற்ற அன்று தூங்குவது என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்காமல் அதையும் எழுதினார்.

இந்த எட்டிலும் இன்றைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று நானே பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதே எட்டுக்கும் என் பயிற்சியாளர் தனகோட்டி மாஸ்டர் தனியாக, என்னுடையதைப் பார்க்காமல் போடுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசம் அதிகமோ அதைப் பேச வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முழங்கைக்கு எட்டு போட்டேன். பார் தலைக்கு மேலே போனதும் கை அசையாமல் பூட்டி நிற்க வேண்டும், மடங்கினால் சிவப்பு விளக்கு. பதினேழு வயதில் எனக்கு மடங்கிக்கொண்டே இருந்தது. தனகோட்டி மாஸ்டர் என்னை இரண்டு வருஷம் துடைப்பக் கட்டையைத் தூக்க வைத்துச் சரிசெய்தார். அந்த எட்டில் பாதி அவருடையது.

உள்ளே நுழையும்போதே மாஸ்டர், "இன்னா எப்சி, இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தவளுக்கு இந்த நக்கல் தேவைதான்.

செப்டம்பர் 18, புதன்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

மாஸ்டர் போட்டது: முழங்கைக்கு மூன்று. வாயைக் கட்டுவதற்கு இரண்டு. மேடை பயத்துக்கு மூன்று. மற்றதெல்லாம் ஏறக்குறைய என்னுடையதோடு ஒத்துப்போகிறது. இந்த மூன்றும் பாதாளத்தில் கிடக்கின்றன.

"பத்து வருஷமா உங்க கண்ணு முன்னாடிதானே மாஸ்டர் தூக்கறேன்? மூணா?" என்றேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் மாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சண்டை போடுகிறவரிடம் சண்டை போடலாம், துடைத்துக்கொண்டிருப்பவரிடம் என்ன செய்வது?

அஃப்ரோஸ் மேடம் நடுவில் வந்தார். "இது சகஜம் எப்சிபா. கோச் மனசுல உங்களோட பழைய படம் ஒண்ணு தங்கிடும். நீங்க வளர்ந்துட்டீங்க, படம் மாறல. அதைப் பேசி மாத்தறதுக்குத்தான் இந்த வட்டமே." பிறகு நான் போன மாதம் தூக்கிய வீடியோவை மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினார். கூர்ந்து பார்த்தவர், "ஆமாமா. சரியாப் போச்சு இல்ல அது. எட்டே போட்டுக்க" என்று அழித்து எழுதினார்.

மேடத்துக்கு மகிழ்ச்சி. எனக்கு இல்லை. கேட்டு வாங்கின மதிப்பெண் எந்தக் கணக்கில் சேரும்?

செப்டம்பர் 19, வியாழன்

முழங்கால் உறைகளைத் துவைத்தேன். அந்த நாற்றத்துக்கு அம்மா என்னையும் சேர்த்து மொட்டைமாடிக்குத் துரத்திவிட்டாள்.

மூன்று.

அக்டோபர் 5, சனி

ஸ்குவாட் நன்றாகப் போனது. முடிந்து கிளம்பும்போது மாஸ்டர் கூப்பிட்டு, "நேத்து பாய் கடையில பரோட்டா துன்னியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பின்வாசல் வழியா போனா எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் நிஜமான கோபம்.

சர்வீஸ் ரோடு போட்டபோதே பாய் கடையை இடித்துவிட்டார்கள். நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம்.

"இல்ல மாஸ்டர், துன்னல" என்றேன். "பொய் சொல்லாத" என்றார். சரி, பழைய கதையை வைத்து ஓட்டுகிறார்.

அக்டோபர் 16, புதன்

இரண்டாவது வட்டம். மாஸ்டர் போட்டது: மூன்று, இரண்டு, மூன்று.

போன தடவை அழித்து எழுதியது, வீடியோ, என் கத்தல், எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி அதே மூன்று, இரண்டு, மூன்று. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இந்த மதிப்பெண்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். பாய் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனவள், முதல் ஸ்டேட் மீட்டில் மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தவள், முழங்கை மடங்கினவள். அவளுக்கு மாஸ்டர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

மாஸ்டருக்கு வேலைச் சுமை அதிகம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் மாஸ்டரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். "மாத்தினவர் ஏன் மறுபடி பழைய நம்பரையே போடணும்? உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது வருத்தமா?" எனக்கு என்ன தோன்றியதோ, "ஆமா மேடம். சின்ன சண்டை. என் மேல கோவமா இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். மேடத்தின் முகம் தெளிந்தது. ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்து இந்த வட்டத்தை வைத்துப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உறவு சீரானால் மதிப்பெண்ணும் சீராகுமாம்.

வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

ஸ்டேட் மீட் முடிந்தது. தங்கம். நேஷனல்ஸுக்குத் தேர்வாகிவிட்டேன். அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். போட்டியில் நாங்கள் தூக்குவதோடு சரி. எத்தனை கிலோவில் தொடங்குவது, எவ்வளவு ஏற்றுவது எல்லாம் பயிற்சியாளர் பாடு. ஒவ்வொரு முறை தூக்கிய பிறகும் அடுத்த எடையை அவர்தான் அதிகாரியின் மேசையில் போய்ச் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கினால் அரை நிமிடம்தான் நேரம். அதற்குள் சொல்லாவிட்டால் தானாக ஒரே ஒரு கிலோ ஏறும், பிறகு மாற்ற முடியாது. பத்து வருஷமாக நான் அந்த மேசைப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. மாஸ்டர் தோளைத் தட்டுவார், போவேன்.

இன்று இரண்டாவது தூக்கலுக்குப் பிறகு மாஸ்டர் சொல்லவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு கிலோ ஏற வேண்டியதற்கு ஒரு கிலோதான் ஏறியது. போட்டியாளர்கள் குழம்பிப்போனார்கள். நான் சுலபமாக எடுத்தேன், அவர்கள் அவசரப்பட்டுத் தவறவிட்டார்கள். எல்லோரும் மாஸ்டரிடம் வந்து, "செம தந்திரம் மாஸ்டர்" என்று கை கொடுத்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை. யாரோ ஏதோ பாஷையில் பேச, புரிந்ததுபோல் சிரிப்போமே, அப்படி.

நவம்பர் 17, ஞாயிறு

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மேடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. அவர் மனைவி குமாரி அக்கா முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். எடை ஏறிவிடும் என்றேன். "ஒரு கரண்டி குழம்புல ஏறாது, துன்னு" என்றார்.

வட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, "முழங்கைக்கு எட்டு மாஸ்டர். மேடைக்கு ஒன்பது. வாய்க்கு ஏழு" என்று சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். கொஞ்சம் மற்ற பேச்சு பேசிவிட்டு மறுபடி கேட்டேன். முழங்கைக்கு மூன்று என்றார். மறுபடி சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். மதிப்பெண்ணாகச் சொன்னால் நிற்கவில்லை, தூக்குகிற எடைபோல் வரிசையாகச் சொன்னால் நிற்கிறது. எட்டு, ஒன்பது, ஏழு. வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நான் இன்னா பரீட்சைக்கா படிக்கிறேன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா குழம்பை இறக்க உள்ளே போனதும் மாஸ்டர் என் பக்கமாகக் குனிந்தார். "எப்சி, எனக்கு என்னமோ சரியில்ல. நடுவுல நடுவுல எல்லாம் காணாமப் போவுது. யாராண்டயும் சொல்லாத. குமாரியாண்டயும். நேஷனல்ஸ் முடியட்டும். உன் பின்னால நான்தான் நிக்கணும்."

"நீங்கதான் மாஸ்டர் நிக்கணும்" என்றேன்.

அவருக்காகச் சொன்னேன் என்று எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். எனக்காகத்தான் சொன்னேன். அவர் தோளைத் தட்டாமல் மேடையேற எனக்குத் தெரியாது.

நவம்பர் 20, புதன்

மூன்றாவது வட்டம். எட்டு, ஒன்பது, ஏழு. என்னுடையதும் மாஸ்டருடையதும் அப்படியே அச்சாக இருந்தது. அஃப்ரோஸ் மேடம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்படி ஒண்ணாப் பொருந்தி நான் பார்த்ததே இல்ல" என்றார். சென்னையில் நடக்கும் கருத்தரங்கில் பெயர் சொல்லாமல் எங்களை உதாரணமாகக் காட்டப்போகிறாராம். வண்ணத்தில் ஒரு பிரதி எடுத்து மாஸ்டருக்குக் கொடுத்தார். மாஸ்டர் அதைச் சுருட்டி வண்டிப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நல்லவர் மேடம். அவரைப் பார்க்க எனக்குக் கூசியது.

டிசம்பர் 7, சனி

இன்றும் மாஸ்டர் வண்டிக்கு முன்னால் என் வண்டி, அவர் வீடு வரைக்கும். எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. தோளில் ஏற்றி அங்கிருந்து தலைக்கு மேலே தூக்கும் ஜெர்க்கில் நூற்றுப் பத்து கிலோ எடுத்தேன். பயிற்சியில் இதுதான் என் உச்சம். மாஸ்டர் ஓடி வந்து என் தலையில் கை வைத்தார். இன்று முழுக்க அவர் நன்றாக இருந்தார். பழைய மாஸ்டர். ஒரு பெயர் கூடத் தவறவில்லை. எல்லாம் என் மனப்பிரமையோ என்றுகூட நினைத்தேன்.

டிசம்பர் 25, புதன்

காலை ஆராதனை முடிந்து, அம்மா செய்த பிரியாணியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நான் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன், எடைப் பிரிவு ஐம்பத்தொன்பது கிலோ, கிறிஸ்துமஸ் என்றால் தராசு சும்மா விடுமா. மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பகலில் தூங்குகிறவர் இல்லை.

அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்த வண்ண வட்டம் ஒட்டியிருந்தது.

குமாரி அக்கா நான் பார்ப்பதைப் பார்த்தார். "நான்தான் ஒட்டி வெச்சேன். ஒண்ணு சொல்றேன், நீ மனசுலயே வெச்சுக்க. ஆனிலயிருந்து இவர் ஒரு மாதிரியா கீறாரு எப்சி. பால் வாங்கப் போனா வெறுங்கையோட வர்றாரு. எங்க அம்மா செத்து ஆறு வருசம் ஆவுது, அவங்க எப்ப வர்றாங்கன்னு கேக்கறாரு. நவம்பர்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னு டோக்கன் கூடப் போட்டேன். அந்த வாரம்தான் இத எடுத்துனு வந்து காட்டுனாரு. நீ போட்ட மார்க்கும் அவர் போட்டதும் ஒரு நம்பர் மாறாம இருக்குது. அந்த மேடமே அசந்து போச்சுன்னாரு. இவ்ளோ நுணுக்கமா மார்க் போடறவருக்கு இன்னா வந்துடப் போவுது, நாமதான் பயந்துக்கறோம்னு விட்டுட்டேன். மனசு கேக்கலன்னா இங்க வந்து நின்னு இதப் பாத்துக்குவேன்."

பிரியாணிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. பதினேழு நாள்தானே என்று நினைத்தேன். இதை எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

இரண்டு ராத்திரி ரயில். வடக்கே குளிர் எலும்பைக் குடைகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாஸ்டர் இறங்கப் பார்த்தார். டீ வாங்க, தண்ணீர் பிடிக்க. ஒவ்வொரு தடவையும் நான் முந்திக்கொண்டேன். "என்ன வெளியவே உட மாட்டேங்கற, நான் இன்னா கைதியா?" என்றார். பக்கத்து சீட்டுக்காரர், "மகளா சார்?" என்று கேட்டார். "லிஃப்டர்" என்றார் மாஸ்டர். அவருக்கு அது மகளைவிடப் பெரிய வார்த்தை.

ஜனவரி 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கும் ஸ்நாட்ச் நன்றாகவே முடிந்தது. ஜெர்க்கில் நூற்று நான்கு எடுத்தேன், பிறகு நூற்றேழு எடுத்தேன். அப்போது நான் நான்காவது இடம். கடைசித் தூக்கலில் நூற்றுப் பத்து எடுத்தால் மூன்றாவது இடம், வெண்கலம். முதல் நாளே மாஸ்டரும் நானும் பேசி வைத்தது இது. அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் நூற்றுப் பத்து என்று பெரிதாக எழுதி வைத்தேன். மூன்றாம் தடவை இதைச் சொல்ல வேண்டும் என்று கைபிடித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

நூற்றேழு எடுத்துவிட்டுப் பின்னால் வந்தால் நாற்காலியில் மாஸ்டர் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் என்னைவிட அதிக எடை சொல்லியிருந்தார்கள், அதனால் அடுத்ததும் நான்தான். ஒலிபெருக்கியில் என் பெயர். கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதிகாரியின் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது. நானே போய்ச் சொல்லலாம். யார் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அப்போது மாஸ்டர் வந்தார். கையில் சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். எங்கே பிடித்தாரோ, கழிவறையிலிருந்தோ என்னவோ, மூச்சிரைக்க ஓடி வந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"வந்துட்டேன் வந்துட்டேன். வாந்தி வருதா? இதுல எடு. பயப்படாத, ஃபர்ஸ்ட் மீட்டுன்னா எல்லாருக்கும் வர்றதுதான். நான் கீறேன் இல்ல."

மேசையைப் பார்த்தேன். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பக்கெட்டை இரண்டு கையாலும் எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கு அவர் பக்கெட் தேடி ஓடியதும், வருவதற்குள் அவள் தரையிலேயே எடுத்துவிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று தாமதமாகிவிட்டதே என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து பக்கெட்டுக்குள் தலையை வைத்தேன். வராத வாந்தியை ஓங்கரித்தேன். மாஸ்டர் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் முதுகைத் தடவினார். "அவ்ளோதான், அவ்ளோதான்" என்றார். பக்கெட்டுக்குள் பினாயில் வாசனை. கண்ணீர் அதில் சொட்டுவது சத்தமாகக் கேட்டது. அந்த அரை நிமிடம் அங்கேயே முடிந்துபோனது.

நிமிர்ந்தபோது பலகையில் நூற்றெட்டு. மாஸ்டர் என் தோளைத் தட்டினார். போனேன்.

நூற்றெட்டை எடுத்தேன். மூன்று வெள்ளை விளக்கு. கை பூட்டி நின்றது. கீழே வைக்கச் சொல்லி மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்காமல் வைத்திருந்தேன், அவர் பார்க்கட்டும் என்று. நான்காவது இடம்.

பின்னால் வந்ததும் மாஸ்டர் என் இடது கையைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பூட்டிடுச்சு எப்சி. பூட்டிடுச்சு. இனிமே எட்டு போடலாம்."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகப் போட்ட எட்டு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்று ஊர் வந்து சேர்ந்தோம். மாஸ்டர் குளிக்கப் போனதும் குமாரி அக்காவிடம் சொன்னேன். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். அந்த மதிப்பெண்கள் நான் சொல்லிக்கொடுத்தவை, ஞாயிற்றுக்கிழமை வந்து மனப்பாடம் செய்ய வைத்தேன், கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அடுப்பை அணைத்தார். வட்டத்தை ஃபிரிட்ஜிலிருந்து பிரித்தார். ஒரு மூலை கிழிந்து கதவிலேயே ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"நான் இதப் பாத்துத்தானே தூங்கினேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 22, புதன்

ஆஸ்பத்திரி. ஸ்கேன், ரத்தம், இன்னும் என்னென்னவோ. ஒரு டாக்டர் மாஸ்டரைக் கடிகாரம் வரையச் சொன்னார். மாஸ்டர் அழகாக வட்டம் போட்டார். அதைக் கேக் வெட்டுவதுபோல் எட்டுத் துண்டாகப் பிரித்துவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனிமேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

மறதி நோய்தான், கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது, இதைத் திருப்ப முடியாது, வேகத்தை மருந்தால் கொஞ்சம் தணிக்கலாம் என்றார் டாக்டர். "ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று அக்கா கேட்டார். "பெரிய வித்தியாசம் இருந்திருக்காதும்மா" என்றார் டாக்டர். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோவில் மாஸ்டர்தான் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

அஃப்ரோஸ் மேடத்திடம் சொன்னேன். கருத்தரங்கில் எங்கள் வட்டத்தைக் காட்டி முடித்துவிட்டாராம், நல்ல கைதட்டலாம்.

"ரெண்டாவது தடவை அதே நம்பர் வந்தப்பவே எனக்கு உறுத்தினது. நீங்க சண்டைன்னதும் அதைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதான்" என்றார். பிறகு, "வித்தியாசம் எங்க இருக்குன்னு பார்க்கத்தான் இந்த வட்டம் எப்சிபா. நாம ரெண்டு பேரும் அதை மூடறதுலயே குறியா இருந்துட்டோம்."

என்னைத் திட்டவில்லை. இந்த வருஷம் யாருமே என்னைத் திட்ட மாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தயங்கித் தயங்கித்தான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா உள்ளே போய், இன்னொரு தட்டு எடுத்து வைத்தார். அது மன்னிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிட்டேன். இனி எடை பார்க்க வேண்டியதில்லை.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். மூலை கிழிந்த அந்த வட்டம் அவர் மடியில் இருந்தது. அக்கா தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"குப்பையிலிருந்து எடுத்துனு வந்துட்டாரு. தர மாட்டேங்கறாரு" என்றார் அக்கா.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பென்சில் கேட்டார், கொடுத்தேன். முழங்கை என்று எழுதியிருந்த துண்டில் எட்டை அடித்துவிட்டு மூன்று என்று போட்டார். நான் தடுக்கவில்லை. வித்தியாசம் அப்படியே இருக்கட்டும்.

தாளின் மேலே எழுதியிருந்த என் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு நல்லா வருவா. பரோட்டாவ நிறுத்தணும், முழங்கைய சரிபண்ணணும், அவ்ளோதான். உனக்குத் தெரிஞ்ச பொண்ணாமா?"

"தெரியும் மாஸ்டர்."

"நாளைக்குக் காத்தால வரச் சொல்லு. துடைப்பக் கட்டை எடுத்துனு வரணும்னு சொல்லு."

"சொல்றேன் மாஸ்டர்" என்றேன்.

நாளை ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லியாயிற்று. அம்மாவிடம் துடைப்பக் கட்டை கேட்டு வாங்கி, வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.